குளமும் டாங்க், கவச வண்டியும் டாங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிற உறவுக்காரப் பிள்ளைகளும் ஒரே சொல்லில் திரும்பத் திரும்பத் தடுக்குப்படுகிறார்கள். டாங்க். வீதியோரப் பலகையில் குளத்துக்கு அந்தப் பெயர். வீட்டுப் பின்வளவில் நிற்கிற கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கிக்கும் அதே பெயர். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் அடிக்கிற இடமும் அதுதான். போர்க்காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கோ அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் ஞாபகம் வருவது சங்கிலிச் சக்கரத்தில் உருண்டு வருகிற இரும்பு வண்டி. அடிக்கடி வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தருகிறேன்.

டாங்க் என்றால் அடிப்படையில் என்ன பொருள்?

நீரையோ வேறு திரவத்தையோ வாயுவையோ தேக்கி வைக்கிற பெரிய இடம் அல்லது பாத்திரம். மற்ற அர்த்தங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான், கவச வண்டி உட்பட. நேராக இல்லாமல் சுற்றி வளைத்து வந்தாலும் பிறப்பிடம் இதுதான்.

இரணைமடுவை ஏன் லேக் என்று சொல்லாமல் டாங்க் என்கிறார்கள்?

லேக் என்றால் ஆங்கிலேயரின் மனத்தில் இயற்கையாக அமைந்த ஏரி. இரணைமடு அப்படியல்ல. கனகராயன் ஆற்றை மறித்து, மண்ணால் கட்டுப் போட்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடத் துருசு வைத்து, மிஞ்சுகிற வெள்ளம் வெளியேற வான் அமைத்து, மனிதர் செய்த நீர்நிலை அது. இன்றைய உருவத்தில் அது பிரித்தானியர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி, பிறகு பல தடவை உயர்த்தப்பட்டது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம், அக்கராயன்குளம் எல்லாமே இப்படி மறித்துக் கட்டியவைதான்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த ஆங்கிலேயருக்கு, மழைநீரை மறித்துச் சேர்த்து வயலுக்கு விடுகிற இந்த ஏற்பாட்டுக்குத் தங்கள் ஊரில் சரியான பெயர் இல்லை. அவர்கள் ஊரில் மழை வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். காலபோகம் என்கிற மழைக்கால வேளாண்மைக்குச் சேர்த்த தண்ணீரைச் சிறுபோகம் என்கிற கோடைகால வேளாண்மைக்கு மிச்சம் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் இங்கே ஏற்கெனவே புழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இங்கிலாந்தில் ஒருவரிடம் டாங்க் என்றால் அவர் குளத்தை நினைக்க மாட்டார். இந்த அர்த்தம் தெற்காசிய ஆங்கிலத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பழைய குளம் என்றால் டாங்க். 1980களில் மகாவலித் திட்டத்தில் கட்டிய விக்ரோறியா போன்ற கொங்கிறீற் அணைகளின் பின்னால் தேங்கிய நீர் என்றால் ரிசர்வயர். இரண்டும் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்று. பெயர் மட்டும் கட்டிய காலத்தைச் சொல்லிவிடுகிறது.

சரி, அந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது?

இதில் இரண்டு கட்சி உண்டு.

ஒரு கட்சி, இது மேற்கு இந்தியாவின் சொல் என்கிறது. குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்துக்கு அடியில் தோண்டிய நீர்த்தொட்டியைக் குறிக்கிற ‘டாங்கி’, ‘டாங்கே’ போன்ற சொற்கள் உண்டு. ராஜஸ்தானின் வறண்ட பகுதிகளில் மழைநீரைச் சேர்க்கிற நிலத்தடித் தொட்டிக்கு இன்றும் ‘டாங்கா’ என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டில் குஜராத் பக்கம் வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயரின் எழுத்துகளில் டாங்க் தலைகாட்டத் தொடங்குகிறது. இந்தச் சொற்களைச் சமஸ்கிருதத்தின் ‘தடாக’ என்ற சொல்லோடு தொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்கிற தடாகமும் அந்த வழியில் வந்ததே.

மற்றக் கட்சி போர்த்துக்கேயத்தைக் காட்டுகிறது. அந்த மொழியில் ‘டாங்க்கே’ என்றால் நீர்த்தொட்டி, குளம். ‘எஸ்டாங்கார்’ என்றால் ஓடுகிற நீரை நிறுத்துவது. இது லத்தீன் குடும்பத்துச் சொல். ஸ்பானியத்திலும் குளத்துக்கு ‘எஸ்டாங்க்கே’ என்பார்கள். இரத்தம் வழிவதை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற ‘ஸ்டாஞ்ச்’ என்பதும் இதன் உறவுதான். ஆங்கிலேயருக்கு நூறு வருஷம் முன்பே போர்த்துக்கேயர் இந்தியக் கரைக்கு வந்துவிட்டதால், அவர்கள்தான் இந்தியருக்கே இந்தச் சொல்லைக் கொடுத்தார்கள் என்று வாதிடுவோரும் உண்டு.

1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்கிற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இரண்டு பக்கத்தையும் எடுத்துப் பேசுகிறது. என்னைக் கேட்டால், இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஒலியும் ஒரே பொருளும் தற்செயலாக இருந்து, துறைமுகத்தில் சந்தித்தபோது ஒன்றையொன்று பலப்படுத்திக்கொண்டன என்பதுதான் நம்பக்கூடியதாக இருக்கிறது. ஒரு குஜராத்தி வியாபாரியும் ஒரு போர்த்துக்கேயக் கப்பல்காரனும் ஒரே சொல்லைச் சொன்னால், நடுவில் நிற்கிற ஆங்கிலேயன் வேறெந்தச் சொல்லைத் தேடப் போகிறான்?

தமிழில் ‘தாங்கி’ இருக்கிறதே. அதிலிருந்துதான் டாங்க் வந்தது என்று படித்தேன். உண்மையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்களின் ஆசை புரிகிறது. ஆனால் இல்லை.

தாங்கு என்பது நல்ல பழைய தமிழ் வினை. சுமைதாங்கி, இடிதாங்கி, விமானந்தாங்கிக் கப்பல் எல்லாம் அதில் பிறந்தவை. சுமப்பது, பொறுப்பது என்பதுதான் அதன் பொருள். நீரைத் தேக்குவதற்குத் தமிழர் பழைய காலத்தில் வைத்த பெயர்கள் வேறு: குளம், ஏரி, கேணி, மடு, துரவு, மோட்டை, தொட்டி. தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ இருந்துதான் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எடுத்தார்கள் என்றால் பழைய ஆங்கிலக் குறிப்புகள் இந்தக் கரையில் கிடைத்திருக்க வேண்டும். அவை கிடைப்பது குஜராத் பக்கத்தில். ஒலியும் ஒத்துப்போகவில்லை. குஜராத்திச் சொல் நாக்கை மேலே மடக்கிச் சொல்கிற டகரத்தில் தொடங்குகிறது. தாங்கி பல்லில் நாக்குப் படுகிற தகரத்தில்.

நடந்தது மறுவளமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து டாங்க் தமிழுக்கு வந்தது. தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்கக்கூடாது என்பது இலக்கணம். பக்கத்திலேயே தாங்கி என்ற சொல் தயாராக நின்றது, பொருளும் முழுசாக விலகவில்லை, தண்ணீரைத் தாங்கி நிற்பதுதானே. அப்படியே ஒட்டிக்கொண்டது. இலங்கையில் நீர்த்தாங்கி, எண்ணெய்த் தாங்கி, யுத்த தாங்கி என்று நாம் எழுதுவது இந்த ஒட்டுதான். டயரையும் டிராக்டரையும் ‘ரயர்’, ‘ரக்ரர்’ என்று எழுதிய பழக்கத்தில் ‘ராங்கி’ என்று எழுதியவர்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘டாங்கி’ என்பதோடு நின்றுவிட்டன. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் பக்கம் கெட்டித்தனம் காட்டியிருக்கிறது என்பது என் கருத்து.

போர்த்துக்கேயர் மன்னாருக்கு 1560இலேயே வந்துவிட்டார்களே. யன்னல், மேசை, அலுமாரி மாதிரி இதுவும் அவர்களிடமிருந்து நேரே வந்திருக்கலாம்தானே?

வந்திருக்கலாம், ஆனால் வந்ததாகத் தெரியவில்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் கடையிலும் இருக்கின்றன: வாங்கு, பாண், சப்பாத்து, சாவி, துவாய், தாச்சி. அவர்கள் கொண்டுவந்த பொருளோடு பெயரும் வந்தது. குளத்தை அவர்கள் கொண்டுவரவில்லை. நம்மிடம் குளமும் இருந்தது, குளம் என்ற பெயரும் இருந்தது. செட்டிகுளம், மாங்குளம், பாண்டியன்குளம், புதுக்குளம் என்று ஊர்ப்பெயரில் பாதி அதுவாகவே இருக்கிற இடத்தில் இன்னொரு சொல்லுக்கு வேலை இல்லை.

அப்படியானால் தண்ணீர்த் தொட்டிக்கும் போர் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பொய்தான் சம்பந்தம்.

முதலாம் உலகப்போரில், 1915 வாக்கில், பிரான்ஸில் இரு தரப்பும் பதுங்குகுழிகளுக்குள் முடங்கிக் கிடந்தன. முள்ளுக்கம்பியையும் இயந்திரத் துப்பாக்கியையும் தாண்டி யாரும் நகர முடியவில்லை. அந்த ஆண்டு பெப்ரவரியில், அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு குழுவை அமைத்தார். குழுவின் பெயர் ‘நிலக்கப்பல் குழு’. யோசனை கடற்படைக்காரரிடம் வளர்ந்ததால்தான் இன்றும் அந்த வண்டியின் பாகங்களுக்கு ஆங்கிலத்தில் ஹல், டெக், ஹாட்ச் என்று கப்பல் பெயர்கள்.

வண்டியைச் செய்யும் வேலை இங்கிலாந்தின் லிங்கன் நகரிலிருந்த வில்லியம் ஃபொஸ்டர் கம்பனிக்குப் போனது. அவர்கள் சூடடிக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் செய்துவந்தவர்கள். இவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி தொழிற்சாலையில் உருவாகும்போது ஊருக்குள் கதை பரவும். நிலக்கப்பல் என்று சொன்னால் ஜேர்மன் உளவாளிக்குப் பாதி விஷயம் அப்போதே விளங்கிவிடும். அதனால், மெசப்பொத்தேமியப் பாலைவனத்தில் போரிடுகிற படைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வண்டி இது என்று தொழிலாளருக்குச் சொன்னார்கள். பெயர் என்ன வைப்பது என்று பார்த்தபோது சிஸ்டர்ன், ரிசர்வயர் என்றெல்லாம் யோசித்து, கடைசியில் சின்னதாக இருந்த டாங்க் என்பதைத் தெரிவுசெய்தார்கள். ஏர்னஸ்ட் சுவின்ரன் என்கிற அதிகாரி இதில் முக்கியமானவர். ரஷ்யாவுக்குப் போகிற சாமான் என்று நினைக்கட்டும் என்று, சில வண்டிகளில் ‘கவனமாகப் பெத்ரோகிராடுக்கு’ என்று ரஷ்ய எழுத்தில் எழுதியும் வைத்தார்களாம். குழுவுக்கே ‘வாட்டர் கரியர்’ என்று பெயர் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்ததாகவும், சுருக்கினால் டபிள்யூ.சி., அதாவது கக்கூசு என்று வருவதால் கைவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நல்ல கதை.

1916 செப்டெம்பர் 15 அன்று, பிரான்ஸில் சொம் ஆற்றுப் பக்கத்தில் ஃபிளேர், கூர்சலெட் ஊர்களை அண்டிய சண்டையில் அவை முதன்முறையாக இறங்கின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 தொன் எடை, உள்ளே எட்டுப் பேர், வேகம் மனிதன் விரைந்து நடக்கிற அளவு. போகிற வழியிலேயே பல பழுதாகி நின்றுவிட்டன. ஆனால் பொய்ப்பெயர் நின்றுவிடவில்லை. இரகசியம் வெளியான பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

ஆக, குஜராத்திலோ போர்த்துக்கலிலோ தண்ணீருக்குப் பிறந்த ஒரு சொல், இந்தியாவின் வழியாக இங்கிலாந்து போய், போரை மறைக்கிற போர்வையாகி, பிறகு போரின் பெயராகவே உலகம் முழுக்கத் திரும்பி வந்தது. வன்னிக்கு அது இரண்டு தடவை வந்தது. முதலில் நீர்ப்பாசன அதிகாரிகளின் வரைபடத்தில்.

மற்ற நாடுகளிலும் டாங்க் என்றுதான் சொல்கிறார்களா?

ரஷ்ய மொழி உட்படப் பல மொழிகளில் அப்படித்தான். ஜேர்மனியர் ‘பன்சர்’ என்பார்கள், கவசம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் ‘ஷார்’ என்பார்கள், தேர். அந்த இரண்டிலும் தண்ணீர் வாசமே இல்லை.

ஆனையிறவில் வீதியோரம் நிற்கிறது டாங்க் தானே?

இல்லை. அது புல்டோசர். 1991 யூலையில் ஆனையிறவு இராணுவ முகாம் மீதான தாக்குதலில் விடுதலைப் புலிகள் பயன்படுத்திய, இரும்புத் தகடுகள் பொருத்திய புல்டோசர். இராணுவம் அதை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. பார்ப்பவர்கள் டாங்க் என்று சொல்வதில் ஆச்சரியமில்லை, சங்கிலிச் சக்கரமும் இரும்புச் சட்டையும் இருந்தால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் டாங்க் என்றால் பொதுவாகச் சுழலும் கோபுரத்தில் பீரங்கி இருக்க வேண்டும். ஆட்களை ஏற்றிச் செல்கிற கவச வாகனங்களையும் ஊரில் டாங்க் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எழுதும்போது கவச வாகனம் என்று எழுதுவது நல்லது.

வெளிநாட்டு மச்சான் ‘கிளிநொச்சி டாங்க்’ பார்க்க வேண்டும் என்கிறான். எதைச் சொல்கிறான்?

நல்ல கேள்வி, ஏனென்றால் கிளிநொச்சியில் இதற்குப் பதில் ஒன்றல்ல. நகரத்தை ஒட்டிக் கிளிநொச்சிக்குளம் இருக்கிறது. ஆங்கில வரைபடத்தில் அது டாங்க். போரில் சரிந்து, பல ஆண்டுகள் ஏ-9 வீதியோரம் சாய்ந்து கிடந்த பெரிய கொங்கிறீற் நீர்த்தாங்கி இருந்தது. தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்தார்கள், அதுவும் டாங்க். இரணைமடுவைச் சிலர் கிளிநொச்சி டாங்க் என்று எழுதிவிடுகிறார்கள். போர் வண்டியைத் தேடுகிறவர்களும் உண்டு. கூட்டிப்போகிற முன், தண்ணியா இரும்பா என்று மச்சானிடம் கேளுங்கள். தண்ணீர் என்றால் மழைக்காலத்தில், வான் பாய்கிற நேரம் இரணைமடுக்குக் கூட்டிப்போங்கள். அதைவிட நல்ல காட்சி அந்தப் பக்கத்தில் கிடையாது.

பவுசர் என்பதும் டாங்க் தானா?

தண்ணீர் கொண்டுவருகிற லொறிக்கு அமெரிக்கர் டாங்க் ட்ரக் என்பார்கள், இந்தியாவில் டாங்கர் லாரி. நாம் பவுசர் என்கிறோம். இது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். சில்வேனஸ் பவுசர் என்பவர் 1885இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஃபோர்ட் வேய்ன் நகரில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுகிற பம்பைச் செய்து விற்றார். பிறகு அவருடைய கம்பனி பெற்றோல் பம்புக்குப் பெயர் பெற்றது. அவுஸ்திரேலியாவில் பவுசர் என்றால் பெற்றோல் ஷெட்டில் நிற்கிற அந்தப் பம்பு. பிரித்தானியாவிலும் இங்கேயும் அது சக்கரம் பூட்டிய வண்டியாகிவிட்டது. ஓகஸ்ட் வெயிலில் கிணறு வற்றிப்போன ஊரில் பவுசர் வருகிற சத்தத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இண்டியானாவோடு இப்படி ஒரு தொடர்பு.

மன்னார்ப் பக்கத்தில் ‘ஜயன்ற்ஸ் டாங்க்’ என்று பலகை. அது என்ன இராட்சதக் குளம்?

நம்முடைய கட்டுக்கரைக்குளம்தான். சிங்களத்தில் அதை யோத வெவ என்பார்கள். யோத என்றால் இராட்சதன். ஆங்கிலேயர் சிங்களப் பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெயர் இராட்சதனைப் பற்றிப் பேசவில்லை, கட்டிய கரையைப் பற்றிப் பேசுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்தது என்பது வழக்கு.

அதற்குத் தண்ணீர் அருவி ஆற்றிலிருந்து வருகிறது. சிங்களத்தில் மல்வத்து ஓயா. ஆற்றின் குறுக்கே தேக்கம் என்ற இடத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. ஆங்கிலப் பலகைகளில் இப்படியான தடுப்பணைக்கு ‘அனிகட்’ என்று எழுதியிருப்பார்கள். டாங்க் தமிழ்ச் சொல் இல்லை என்று மேலே சொன்னதில் மனம் நொந்தவர்கள் இங்கே ஆறுதல் அடையலாம். அனிகட் அப்பட்டமான தமிழ்: அணைக்கட்டு. இது ஆங்கில அகராதியில் ஏறிய சொல். எவரும் இதை மறுப்பதில்லை.

குளத்துக்கட்டு வீதியை ‘டாங்க் பண்ட் ரோட்’ என்கிறார்களே, பண்ட் என்றால்?

பாரசீகத்திலிருந்து இந்தி வழியாக வந்தது. கட்டு, அணை என்று பொருள். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஓரமாகப் போகிற புகழ்பெற்ற வீதிக்கும் டாங்க் பண்ட் என்றே பெயர். ஷாங்காய் நகரின் கரையோரத்துக்கும் ஆங்கிலேயர் இதே பண்டைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் ஏரி என்கிறார்கள், நாம் குளம் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் டாங்க்கா?

பழைய ஆங்கில ஆவணங்களில் ஆம். செம்பரம்பாக்கம் ஏரியும் வீராணம் ஏரியும் பிரித்தானிய அதிகாரிகளின் எழுத்தில் டாங்க்தான். இப்போது அவற்றை லேக் என்று எழுதுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் நம்மைப் போலவே பாசன நீர்நிலையைக் குளம் என்பார்கள். கோயில் தெப்பக்குளத்தை ஆங்கிலத்தில் டெம்பிள் டாங்க் என்பார்கள். எங்கள் ஊரில் அது கேணி. ஏரி என்ற சொல் நம்மிடம் கடல்நீரேரி என்பதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஆயிரம் லீற்றர் தாங்கியும் டாங்க், இரணைமடுவும் டாங்க். ஒப்பிட்டால் எவ்வளவு?

குளத்து நீரை ஏக்கர் அடியில் அளப்பார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் ஒரு ஏக்கர் அடி. அது ஏறக்குறைய 12 லட்சத்து 33 ஆயிரம் லீற்றர். இரணைமடு நிரம்பினால் ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கும் மேல். உங்கள் பின்வளவில் நிற்கிற ஆயிரம் லீற்றர் தாங்கியால் அதை அள்ளி வைக்கப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட தாங்கிகள் வேண்டும்.

நிர்வாகத்திலும் குளங்களுக்குப் பெரியது சிறியது உண்டு. 80 ஹெக்டயர், அதாவது சுமார் 200 ஏக்கர் வயலுக்குள் பாய்கிற குளம் சிறு குளம்; அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களங்கள். துருசு உடைந்தால் எந்தக் கந்தோருக்குப் போவது என்று தெரிய இது உதவும். இன்னொரு விஷயம்: ஒரு குளத்தின் வான் நீர் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரிச் சங்கிலியாகக் கட்டிய உலர்வலயக் குளத்தொடர்களை, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் அங்கீகரித்தது. வவுனியாப் பக்கத்தில் காடு வெட்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கிலி புரியும்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். ‘எங்கள் கிராமத்து டாங்க் உடைந்துவிட்டது’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று அனுப்பி வைப்பார்கள். பகிடி இல்லை, படிப்பவர் இலங்கையைத் தெரிந்தவராக இல்லாவிட்டால் அவர் மனத்தில் வருவது அதுதான். ‘பொண்ட்’ என்றும் எழுதாதீர்கள். அது வாத்து நீந்துகிற குட்டை. முதல் தடவை ‘இரிகேஷன் ரிசர்வயர்’ என்று எழுதி, உள்ளூரில் டாங்க் என்போம் என்று ஒரு வரி சேர்த்து, பிறகு டாங்க் என்றே தொடருங்கள். எத்தனை ஏக்கர் வயல் அதை நம்பியிருக்கிறது என்பதையும் போடுங்கள். அந்த எண்ணிக்கை சொல்லாததை எந்தச் சொல்லும் சொல்லாது.

மறுபக்கம், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது கணினி மொழிபெயர்ப்பை நம்பி ‘இரணைமடு தொட்டி’ என்று விட்டுவிடாதீர்கள். தொட்டியில் மாடு தண்ணீர் குடிக்கும்.

கையில்லாத பெனியனை ஏன் டாங்க் டொப் என்கிறார்கள்? யுத்தத்தில் போட்டதா?

இல்லை. அமெரிக்காவில் நீச்சல் குளத்தை முன்பு ஸ்விமிங் டாங்க் என்றும் சொன்னார்கள். அதில் நீந்தப் போடுகிற உடை டாங்க் சூட். அந்த உடையின் மேற்பாதி மாதிரி இருந்ததால் 1960களின் பிற்பகுதியில் டாங்க் டொப் வந்தது. பிரித்தானியாவில் அதே பெயர் சட்டைக்கு மேல் போடுகிற, கையில்லாத கம்பளிப் பின்னலுக்கு. இலண்டன் மாமிக்கும் அமெரிக்க மாமிக்கும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு விதமான உடுப்பு வரவழைக்கலாம்.

‘படம் டாங்க் ஆகிவிட்டது’, ‘பங்குச்சந்தை டாங்க் ஆனது’ என்றால்?

படுதோல்வி, சடுதியான வீழ்ச்சி. இதுவும் நீச்சல் குளத்தோடு வருகிறது. குத்துச்சண்டையில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுகிறவனைக் குளத்துக்குள் குதித்தான் என்று அமெரிக்கப் பேச்சுவழக்கில் சொன்னார்கள். அதிலிருந்து டெனிஸுக்குப் போய், வேண்டுமென்றே தோற்பதற்கு டாங்க் என்ற வினை வந்தது. அப்புறம் வேண்டுமென்றே என்பது கழன்று, தோற்றால் போதும் என்றாகிவிட்டது. அமெரிக்கக் கூடைப்பந்தில் மட்டும் பழைய அர்த்தம் இன்னும் கெட்டி: கடைசி இடத்துக்குப் போனால் அடுத்த பருவத்துக்கு நல்ல இளம் வீரரைத் தெரிவுசெய்ய வாய்ப்பு அதிகம் என்பதால் அணிகள் தோற்கப் பார்ப்பதை டாங்கிங் என்கிறார்கள்.

திங்க் டாங்க்?

முதலில் மூளைக்கே வேடிக்கைப் பெயர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்குப் பெயரானது. தமிழில் சிந்தனைக் குழாம்.

மற்றவை: டிரங்க் டாங்க் என்றால் குடித்துவிட்டுப் பிடிபட்டவர்களைப் போட்டு வைக்கிற பொலிஸ் கூண்டு. டாங்க்ட் அப் என்றால் நிறையக் குடித்த நிலை. டாங்க் எஞ்சின் என்றால் தண்ணீரைத் தனிப் பெட்டியில் இழுக்காமல் தன்மேலேயே சுமக்கிற நீராவி ரயில் எஞ்சின். டாங்க் ஃபாம் என்றால் திருகோணமலை சீனக்குடாவில் இருப்பதைப் போல எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கிற இடம். ஒரு பயிரும் விளையாது. பியர் குடிக்கிற டாங்கர்ட் குவளைக்கும் இவற்றுக்கும் உறவில்லை, அது டாங்க்கைவிட மூத்த சொல்.

தம்பி போனில் கேம் விளையாடும்போது ‘நான் டாங்க்’ என்கிறான். வண்டியா ஓட்டுகிறான்?

இல்லை. குழுவில் முன்னால் நின்று எதிரியின் அடியை எல்லாம் வாங்கிக்கொள்கிற பாத்திரத்துக்கு அந்தப் பெயர். பின்னால் நிற்பவர்கள் அந்த நேரத்தில் சுடுவார்கள். போர் வண்டியின் தடித்த கவசத்திலிருந்து வந்தது. தமிழில் தாங்கி என்று சொன்னால் இதற்குத்தான் அச்சொட்டாகப் பொருந்தும், அடியைத் தாங்குகிறவன்தானே. தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டான்.